இனப் பலகை முதல் போலந்து பிளம்பர் வரை: ஐரோப்பியர் ஒருவரையொருவர் நகைத்த வரலாறு

வியன்னாவில் உள்ள நாட்டார் வாழ்வியல் அருங்காட்சியகத்தில், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டப்பட்ட எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று உள்ளது. ஆஸ்திரியாவின் ஸ்டீரியா பகுதியில் பெயர் அறியப்படாத ஓர் ஓவியர் வரைந்த அதற்கு ஜெர்மன் மொழியில் 'ஃபோல்கர்டாஃபல்' என்று பெயர். தமிழில் 'இனப் பலகை' எனலாம். மேல்வரிசையில் ஸ்பானியர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், ஜெர்மானியர், ஆங்கிலேயர், ஸ்வீடன் நாட்டவர், போலந்தியர், ஹங்கேரியர், ரஷ்யர் என ஒன்பது ஆடவர் தத்தம் உடையில் நிற்க, துருக்கியரையும் கிரேக்கரையும் ஒன்றாக்கிய பத்தாவது உருவம் கடைசியில் நிற்கிறது. அவர்களுக்குக் கீழே 17 வரிசைகளில், ஒவ்வோர் இனத்தாரின் நடத்தை, அறிவு, உடை, நோய், போர்த்திறம், சமயப்பற்று, பொழுதுபோக்கு, ஒப்பான விலங்கு, உயிர்விடும் இடம் முதலியன கட்டம் கட்டி எழுதப்பட்டுள்ளன. ஆங்கிலேயர் உழைத்துப் பொழுதைக் கழிப்பவர், குதிரைக்கு ஒப்பானவர், சமயத்தில் நிலவைப் போல மாறுபவர், நீரில் மடிபவர். போலந்தியரோ நாட்டுப்புறத்தனமான நடத்தை உடையவர், சச்சரவிட்டே பொழுதைக் கழிப்பவர், கரடிக்கு ஒப்பானவர், தொழுவத்தில் மடிபவர். ஜெர்மன் மொழி பேசிய ஓவியர் தம் இனத்தாருக்குச் சிங்கத்தை ஒதுக்கிக்கொண்டாலும், குடியே அவர்களது பொழுதுபோக்கு என்றும் மதுவிலேயே அவர்கள் மடிவர் என்றும் எழுதத் தவறவில்லை.

இப்பலகையை இடமிருந்து வலமாகப் படிக்கும்போது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல இழிவு கூடிக்கொண்டே போவதைக் காணலாம். ரஷ்யருக்குக் கழுதையும் உறக்கமுமே மிஞ்சுகின்றன. ஆயினும் அது முழுக்கப் பொய்யால் ஆனது அன்று. ஆட்சியாளரைப் பற்றிய வரிசையில் போலந்தியருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்னர் என்று எழுதியிருப்பது அன்றைய உண்மை நிலை; 1573 முதல் போலந்தின் மன்னரை அந்நாட்டு உயர்குடியினர் கூடித் தேர்ந்தெடுத்தே வந்தனர். ஆங்கிலேயருக்கு இன்று ஒருவர் நாளை ஒருவர் என்ற பொருளில் எழுதியிருப்பதும், முதலாம் சார்ல்ஸின் தலையை வெட்டி, இரண்டாம் ஜேம்ஸை விரட்டி, ஹாலந்திலிருந்து ஒரு மன்னரை வரவழைத்த 17-ஆம் நூற்றாண்டு வரலாற்றின் சுருக்கமே. மெய்ச் செய்தியும் அவதூறும் ஒரே கையெழுத்தில், ஒரே அளவுக் கட்டங்களில் அடுத்தடுத்து நின்றதால், ஒன்றின் நம்பகம் மற்றொன்றுக்கும் எளிதாக ஒட்டிக்கொண்டது.

இத்தகைய பிம்பங்களைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'ஸ்டீரியோடைப்' என்னும் சொல் அச்சகத்திலிருந்து வந்தது. கோத்த எழுத்துகளின் மீது அச்சு எடுத்து, அதில் ஈயக் கலவையை ஊற்றி, முழுப் பக்கத்தையும் ஒரே தகடாக வார்த்துவிடும் முறைக்கு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் அப்பெயர் இடப்பட்டது. தகடாக வார்த்தபின் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. எத்தனை ஆயிரம் படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். 1922-இல் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் பொதுமக்கள் கருத்தைப் பற்றிய தம் நூலில், மனிதர் மனத்தில் உறைந்துவிட்ட முன்முடிவுகளுக்கு இச்சொல்லைப் பொருத்தினார். இக்கட்டுரை அதை 'வார்ப்புப் படிமம்' என்று குறிக்கும். ஆனால் ஐரோப்பிய வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் இவ்வுவமை ஓரிடத்தில் பொருந்தாமல் போவது தெரியவரும். ஒரு மக்களைப் பற்றிய படிமம், அவர்களோடு அண்டை நாட்டாருக்கு இருந்த வணிகமும் போரும் கூலியும் மாறியபோதெல்லாம் உருக்கப்பட்டு வேறொன்றாக வார்க்கப்பட்டிருக்கிறது. நான்கு நூற்றாண்டுகளில் போலந்தியரைப் பற்றி வழங்கிய படிமங்களைப் போல இதற்குத் தெளிவான சான்று வேறில்லை.

அன்றாட வழக்குச் சொற்களிலிருந்தே தொடங்கலாம். விருந்திலிருந்து விடைபெறாமல் நழுவிப் போவதை ஆங்கிலேயர் 'பிரெஞ்சு விடை' என்பர். பிரெஞ்சுக்காரரோ அதையே 'ஆங்கில முறையில் போவது' என்பர். போலந்தியரும் இத்தாலியரும் ஹங்கேரியரும் ரஷ்யரும் இதில் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்று ஆங்கிலேயரைக் குறை கூற, ஜெர்மானியர் ஆங்கிலேயரோடு சேர்ந்து பிரெஞ்சுக்காரரைச் சுட்டுவர். அவர்களிடம் 'போலந்து முறையில் வெளியேறுதல்' என்ற வழக்கும் உண்டு. புரியாத பேச்சைக் கேட்டால் ஆங்கிலேயருக்கு அது கிரேக்கம், போலந்தியருக்குத் துருக்கியச் சமயவுரை, ஜெர்மானியருக்குப் பொஹீமியக் கிராமப் பெயர், அந்தப் பொஹீமியாவில் வாழும் செக் மக்களுக்கு ஸ்பானியக் கிராமம். போலிஷ் மொழியில் ஜெர்மானியரைக் குறிக்கும் 'நியெமியெத்ஸ்' என்ற சொல்லே, பேச்சற்றவர் அதாவது ஊமை என்னும் வேரிலிருந்து பிறந்ததாக மொழியியலார் விளக்குகின்றனர். தம் மொழி அறியாதவரை வாய் இல்லாதவராகவே கண்ட அந்தப் பழைய பார்வை, ஓர் இனத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

நோயின் பெயர்களில் இப்பழக்கம் கொடிய வடிவம் பெற்றது. 1495-இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்ல்ஸின் படை நேப்பிள்ஸைக் கைப்பற்றியிருந்தபோது பரவிய மேகப்புண் நோயை, இத்தாலியரும் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். போலந்தியர் ஜெர்மன் நோய் என்றனர். ரஷ்யர் போலந்து நோய் என்றனர். ஒவ்வொரு நாட்டாரும் தமக்கு எத்திசையிலிருந்து அது வந்ததோ அத்திசையில் வாழ்ந்தவரின் பெயரை அதற்குச் சூட்டினர் என்பதால், இப்பெயர்களை வரிசைப்படுத்தினால் நோய் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்த வழியே ஒரு வரைபடமாகக் கிடைத்துவிடுகிறது. அவ்வழி தமிழகத்திலும் வந்து முடிந்தது. ஐரோப்பியரைக் குறித்த 'பரங்கி' என்னும் சொல், பிராங்க் என்ற இனப்பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியே வந்ததன் திரிபு; தமிழ் மருத்துவ மரபில் இந்நோய்க்குப் 'பரங்கிப் புண்' என்றும், அதற்கான மருந்துக்குப் 'பரங்கிப்பட்டை' என்றும் பெயர் நிலைத்தன.

அச்சுப் பெருகிய 17-ஆம் நூற்றாண்டில் இனப் பண்புகளை விவரிப்பது அறிஞர்களின் தொழிலாகவே ஆயிற்று. ஸ்காட்லாந்துத் தந்தைக்குப் பிறந்து பிரெஞ்சு மொழிச் சூழலில் வளர்ந்த ஜான் பார்க்லி என்பவர், 1614-இல் லண்டனில் 'இகோன் அனிமோரும்', அதாவது 'உள்ளங்களின் ஓவியம்' என்ற லத்தீன் நூலை வெளியிட்டு, ஐரோப்பிய இனங்களின் இயல்பை ஒவ்வொன்றாக எடை போட்டார். போலந்தியர் கட்டுக்கு அடங்காத சுதந்திர வெறி கொண்டவர் என்ற அவரது சித்திரம் போலந்து உயர்குடியினரை ஆழமாகப் புண்படுத்தியது. 34 ஆண்டுகள் கழித்து, 1648-இல், வுகாஷ் ஒபாலின்ஸ்கி என்ற போலந்து அரசியல் அறிஞர் பார்க்லிக்கு மறுப்பாகவே ஒரு தனி லத்தீன் நூல் எழுதித் தம் நாட்டைக் காத்து நின்றார். பார்க்லி இறந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னும் மறுப்பு எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, அப்படிமம் எவ்வளவு வேகமாகப் படி எடுக்கப்பட்டுப் பரவியிருந்தது என்பதை உணரலாம்.

பார்க்லி எழுதிய அதே காலத்தில், அவருடைய தந்தையின் நாட்டார் ஆயிரக்கணக்கில் போலந்தில் குடியேறிக்கொண்டிருந்தனர் என்பது இவ்வரலாற்றில் பெரிதும் கவனிக்கத்தக்க செய்தி. வறண்ட நிலமும் அடுத்தடுத்த பஞ்சமும் ஸ்காட்லாந்து இளைஞரைக் கடல் தாண்டி விரட்ட, தானிய ஏற்றுமதியால் செழித்திருந்த போலந்து அவர்களை ஈர்த்தது. துணி, கத்தி, ஊசி, நாடா முதலியவற்றை முதுகில் சுமந்து ஊர் ஊராக விற்ற அவர்களில் பலர் நாளடைவில் நகர வணிகராயினர். கிதான்ஸ்க் நகருக்கு வெளியே 'பழைய ஸ்காட்லாந்து' என்ற குடியிருப்பே எழுந்தது. 1616-இல் அங்கே சென்ற பயணி வில்லியம் லித்கோ, அந்நாட்டில் 30,000 ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் வாழ்வதாக எழுதினார். அவ்வெண் மிகையாகவே இருக்க வேண்டும். ஆனால் கண்ணில் பட்ட கூட்டம் அப்படி எழுதும் அளவுக்கு இருந்தது என்பதற்கு அது சான்று. உள்ளூர் வணிகச் சங்கங்கள் இவ்வேற்றூரார் விலையைக் கெடுக்கின்றனர் என்று முறையிட, அரச ஆணைகள் அவர்களது நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தின. பால்டிக் கரையோர ஜெர்மன் பேச்சில் ஸ்காட்லாந்தியன் என்று பொருள்படும் சொல்லுக்கே மூட்டை வணிகன் என்ற பொருளும் ஏறிவிட்டது. ஆங்கிலேயப் பாராளுமன்றத்தில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துடன் ஒன்றிணைவது பற்றி விவாதம் நடந்தபோது, அதை எதிர்த்தோர் போலந்தைச் சுட்டிக்காட்டி, அங்கே பெருகியது போல இங்கும் ஸ்காட்லாந்தியர் பெருகிவிடுவர் என்று அச்சுறுத்தினர். குறைந்த விலைக்கு உழைக்கும் அயலாரைப் பற்றிய அச்சம் முதலில் போலந்திலிருந்து லண்டனுக்கு எடுத்துக்காட்டாக வந்தது என்பதையும், அப்போது அந்த அயலார் பிரிட்டன் தீவினரே என்பதையும் பிற்காலம் முற்றிலும் மறந்துபோனது.

ஆங்கிலேயரைக் குறிக்கும் உருவமும் ஒரு ஸ்காட்லாந்தியரின் கையிலிருந்தே பிறந்தது. மருத்துவரும் அங்கத எழுத்தாளருமான ஜான் ஆர்பத்நாட் 1712-இல் ஸ்பானிய வாரிசுரிமைப் போரை ஒரு வழக்கு மன்றக் கதையாக்கியபோது, நேர்மையும் முன்கோபமும் கொண்ட துணி வணிகர் ஜான் புல்லை இங்கிலாந்தாகவும், நிக்கோலஸ் ஃப்ராக் என்ற தவளைப் பெயரரை ஹாலந்தாகவும், லூயிஸ் பபூன் என்பவரைப் பிரான்சாகவும் படைத்தார். டச்சுக்காரருக்குத் தவளைப் பெயர் கிடைத்ததற்கு அவர்களது சதுப்பு நிலம் காரணம். பின்னர் பிரான்சுடன் பகை முற்றியபோது அதே தவளை பிரெஞ்சுக்காரருக்கு மாற்றப்பட்டது. 1652-க்கும் 1674-க்கும் இடையே மூன்று கடற்போர்களில் மோதிய காலத்தின் எச்சமாக, குடித்து வரவழைத்துக்கொள்ளும் வீரத்தை டச்சு வீரம் என்று இகழும் வழக்கு ஆங்கிலத்தில் இன்றும் எஞ்சியிருக்கிறது.

போலந்தின் கதைக்கு மீண்டால், அங்கே பகடி ஆயுதமாகவே கையாளப்பட்டது தெரியவரும். அந்நாட்டுப் பாராளுமன்றமான 'செய்ம்' அவையில் ஓர் உறுப்பினர் மட்டும் எழுந்து ஒப்பவில்லை என்று சொன்னாலும் கூட்டத்தொடர் முழுவதும் கலைந்துவிடும். 'லிபெரும் வேட்டோ', அதாவது தடையற்ற மறுப்புரிமை எனப்பட்ட இம்முறை 1652-இல் முதன்முறையாக அவையைக் குலைத்தது. டச்சு மொழியிலும் ஸ்வீடிய மொழியிலும் கூச்சல் நிறைந்து முடிவு காணாத கூட்டத்துக்குப் போலந்துப் பாராளுமன்றம் என்ற பெயர் இதனால் ஏற்பட்டு இன்றுவரை வழங்குகிறது. 1784-இல் வில்னியஸில் இயற்கை வரலாறு கற்பிக்கச் சென்ற கேயோர்க் ஃபோர்ஸ்டர், கடலோடி ஜேம்ஸ் குக்குடன் உலகைச் சுற்றி வந்த அறிஞர், தம் கடிதங்களில் அழுக்கையும் ஒழுங்கின்மையையும் குறிக்கப் 'போல்னிஷ விர்ட்ஷாஃப்ட்', அதாவது போலந்துக் குடித்தனம் என்ற தொடரைக் கையாண்டார். சீர்கேடான வீட்டையோ அலுவலகத்தையோ சுட்டும் மரபுத்தொடராக அது ஜெர்மன் மொழியில் ஊன்றிக்கொண்டது; 1855-இல் வெளிவந்து பெருவாரியாக விற்ற குஸ்டாவ் ஃப்ரைடாகின் 'கடனும் வரவும்' நாவலில், ஒழுங்கான ஜெர்மன் வணிகருக்கு எதிர்நிலையாகப் போலந்துச் சீர்குலைவு சித்திரிக்கப்பட்டது.

இத்தொடர் பரவிய காலத்தை நோக்காமல் அதன் பொருளை உணர முடியாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அண்டை வல்லரசுகளும் 1772, 1795 ஆகிய ஆண்டுகளிலும், ஆஸ்திரியா நீங்கலாக மற்ற இரண்டும் 1793-இலும் போலந்தைத் துண்டாடிப் பங்கிட்டுக்கொண்டன. போலந்தின் மறுப்புரிமை முறை குலையாமல் இருக்க வேண்டும் என்பதில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் முன்னமே அக்கறை காட்டி, அதற்காக உடன்படிக்கையும் செய்துகொண்டிருந்தன. 1791 மே 3-இல் போலந்தியர் புதிய அரசியலமைப்பை இயற்றி, மறுப்புரிமையை ஒழித்து, தம் வீட்டை ஒழுங்குபடுத்த முற்பட்டபோதுதான் ரஷ்யப் படை நுழைந்து இரண்டாம் பங்கீட்டுக்கு வழி செய்தது. ஒழுங்கின்மைக்காக இகழப்பட்ட ஒரு நாடு, ஒழுங்கை நிலைநாட்ட முயன்றதற்காகத் தண்டிக்கப்பட்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம், அவர்களுக்குத் தம்மை ஆளத் தெரியாது என்ற நகைப்பு ஆக்கிரமிப்புக்கு நியாயமாகச் சொல்லப்பட்டது. இவ்வரலாற்றில் நகைச்சுவையின் கை கறைபட்ட இடம் இது. சிரிப்பு என்பதால் இதைப் பொறுத்துப்போவது தகாது.

தொலைவில் இருந்தோர் கண்ட போலந்தியர் வேறு. ரஷ்யருக்கு எதிராக 1830 நவம்பரில் எழுந்த கிளர்ச்சி தோற்று, கவிஞரும் படைத்தலைவரும் பாரிஸிலும் லண்டனிலும் தஞ்சம் புகுந்தபோது, பிரிட்டிஷ் தாராளவாதிகளுக்கு அவர்கள் விடுதலைத் தியாகிகளாகத் தோன்றினர். 1832-இல் கவிஞர் தாமஸ் கேம்ப்பெல்லின் முயற்சியால் லண்டனில் போலந்து நண்பர்களின் இலக்கியச் சங்கம் நிறுவப்பட்டது. பிரெஞ்சில் 'போலந்தியரைப் போலக் குடித்தவர்' என்ற வழக்கு இகழ்ச்சியாக வழங்கினாலும், 1808-இல் ஸ்பெயினின் சோமோசியெர்ரா கணவாயில் நெப்போலியனுக்காகப் பாய்ந்த போலந்துக் குதிரைப்படையின் துணிவிலிருந்தே அது பிறந்தது என்று கதை கட்டி, போலந்தியர் அதைப் புகழுரையாக மாற்றிக்கொண்டனர். 1896 டிசம்பரில் பாரிஸில் ஆல்ஃப்ரெட் ஷாரி தம் 'உபு மன்னர்' நாடகத்தை அரங்கேற்றியபோது, கதை நடக்கும் இடம் போலந்து, அதாவது எங்கும் இல்லாத இடம் என்று அறிமுகம் செய்தார். வரைபடத்திலிருந்து துடைக்கப்பட்டிருந்த ஒரு நாட்டைப் பற்றிய அவ்விளக்கம் பாரிஸ் அரங்குக்குப் புதுமை. போலந்தியருக்கோ அது அன்றாட நிலை.

மந்தபுத்திக் கதைகளின் வரலாறு இவற்றினும் பழையது. அது நாடுகளிலிருந்து அன்று, ஊர்களிலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தில் கோதம், ஜெர்மன் மொழியில் ஷில்டா, டென்மார்க்கில் மோல்ஸ், கிழக்கு ஐரோப்பிய யூதர் மரபில் போலந்தின் ஹெல்ம் நகர் என ஒவ்வொரு மக்களுக்கும் ஓர் அசட்டூர் இருந்தது. குயில் பறந்து போகாதிருக்க வேலி கட்டியவர் கோதம் ஊரார். சன்னல் இல்லாத மன்றம் கட்டிவிட்டு வெயிலைச் சாக்கில் பிடித்து உள்ளே கொட்டியவர் ஷில்டா ஊரார். கோதம் ஊராரின் கதைகளில், பன்னிருவராகச் சென்றவர்கள் கரை ஏறியதும் எண்ணிப் பார்த்து, எண்ணுபவர் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிடுவதால் ஒருவர் மூழ்கிவிட்டார் என்று அழும் கதை உண்டு. ஆற்றைக் கடந்த பரமார்த்த குருவின் சீடர் எண்ணிய கணக்கும் இதுவே. இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் 1680-இல் பிறந்து தமிழகத்தில் வீரமாமுனிவராக வாழ்ந்த பெஸ்கி எழுதிய பரமார்த்த குரு கதை நூலில், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கும் நிகழ்ச்சிக்கும் ஐரோப்பிய நாட்டார் கதைகளில் இணை உண்டு. உலகத்துக்கே பொதுவான ஓர் அசட்டுக் கதைக் களஞ்சியத்திலிருந்து ஒவ்வொரு நாட்டாரும் வேண்டியதை எடுத்துத் தமக்கு வேண்டாதவர் பெயரை ஒட்டிக்கொண்டனர் என்பதற்குத் தமிழ் வாசகர் நன்கறிந்த சான்று இது.

அப்பெயர்களை ஒட்டும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டென்பதை பிரிட்டிஷ் சமூகவியலாளர் கிறிஸ்டி டேவிஸ் 1990-இல் வெளியிட்ட ஒப்பாய்வு நூலில் காட்டினார். ஆங்கிலேயர் அயர்லாந்தியரைப் பற்றியும், பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் பெல்ஜியரைப் பற்றியும், ஸ்வீடன் நாட்டவர் நார்வே நாட்டவரைப் பற்றியும், டென்மார்க்கினர் ஆர்ஹூஸ் நகரத்தாரைப் பற்றியும் ஒரே மந்தபுத்திக் கதையைச் சொல்கின்றனர். முழு அந்நியரைப் பற்றி இக்கதைகள் எழுவதில்லை. தம்மைப் போலவே இருந்து, தம் மொழியையோ அதன் கிளையையோ பேசி, விளிம்பில் வாழ்வோரைப் பற்றியே எழுகின்றன. கருமித்தனக் கதைகளுக்கும் தனி வரிசை உண்டு: ஸ்காட்லாந்தின் அபர்தீன், பல்கேரியாவின் காப்ரோவோ, ஸ்பெயினின் கட்டலோனியா. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த போலந்து உழவர்களின் பேரப்பிள்ளைகள் 1960-களில் அங்கே மந்தபுத்திக் கதைகளுக்கு நாயகராக்கப்பட்டனர். நாட்டாரியல் அறிஞர் ஆலன் டண்டிஸ் 1971-லேயே இத்துணுக்குகளைத் தொகுத்து ஆராய்ந்தார். ஐரோப்பியப் போலந்தியருக்கு இப்படிமம் புரியாத புதிராக இருந்தது. கோப்பர்னிக்கஸும் ஷோப்பானும் கியூரி அம்மையாரும் பிறந்த மக்களை அசடர் என்பதற்கு அவர்கள் அறிந்த வரலாற்றில் ஆதாரமே இல்லை.

போலந்தியரும் பிறரை நகைப்பதில் பின்தங்கியவர் அல்லர். அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த மிகப் பரவலான கதை வகை, ஒரு போலந்தியர், ஒரு ரஷ்யர், ஒரு ஜெர்மானியர் மூவரையும் பேய் பிடித்துக்கொண்டு சோதனை வைப்பது. முதல் இருவரும் தோற்க, போலந்தியர் ஏதேனும் ஒரு குறுக்கு வழியால் பேயை ஏமாற்றித் தப்புவார். நாட்டைப் பங்கிட்டவரும் பின்னர் 1939-இல் இருபுறமிருந்தும் நுழைந்தவரும் இதே இரு அண்டை நாட்டார் என்பதால் கதையின் ஆள்கணக்கு தற்செயலானது அன்று. வெற்றி தரும் அச்சாமர்த்தியத்துக்குப் போலிஷ் மொழியில் 'கொம்பினோவாச்' என்ற வினைச்சொல் உண்டு. இல்லாததை இருப்பதிலிருந்து எப்படியோ உண்டாக்கிக்கொள்வது, விதியை மீறாதது போல மீறுவது என்றெல்லாம் அதற்குப் பொருள் விரியும். அந்நிய ஆட்சியிலும் பின்னர் கம்யூனிஸ்ட் காலத்துப் பற்றாக்குறையிலும் அதுவே வாழ்க்கைக் கலையாக இருந்தது. ஆங்கிலேயரும் இதே மூவர் அமைப்பில் ஆங்கிலேயர், அயர்லாந்தியர், ஸ்காட்லாந்தியர் கதைகளைச் சொல்கின்றனர். ஆனால் அங்கே சொல்பவரின் பிரதிநிதி பெரும்பாலும் வெறும் அளவுகோலாக நிற்க, சிரிப்பு மூன்றாமவர் மேல் விழுகிறது. அடக்கப்பட்டவர் சொல்லும் கதைக்கும் ஆட்சி செய்தவர் சொல்லும் கதைக்கும் உள்ள வேறுபாடு இதில் துலங்குகிறது.

ஆங்கிலேயரைப் போலந்தியர் நீண்ட காலம் மரியாதையோடுதான் பகடி செய்தனர். உணர்ச்சியைக் காட்டாத குளிர்ந்த இயல்பை 'ஆங்கில ஃப்ளெக்மா' என்பர். உடலின் நால்வகைத் திரவங்களே மனித இயல்பைத் தீர்மானிக்கின்றன என்ற பழைய ஐரோப்பிய மருத்துவக் கொள்கையில் சளிக்கு உரிய மந்த இயல்பின் பெயர் அது. ஆங்கில நகைச்சுவைக்குப் போலந்தில் தனி மதிப்பு இருந்தது, ஜெரோம் கே. ஜெரோமின் படகுப் பயண நாவல் அங்கே தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. ஆக்கிரமிப்புக் காலப் பிரான்சில் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலிய, ஆங்கிலேயப் படிமங்கள் அனைத்தையும் ஒரே சிற்றுணவகத்தில் மோதவிட்ட 'அலோ அலோ' என்னும் பிபிசி தொடர் 1990-களில் போலந்துத் தொலைக்காட்சியில் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஸ்காட்லாந்தியரின் கருமித்தனம் பற்றிய துணுக்குகளும் போலந்தில் ஏராளம். அவை 17-ஆம் நூற்றாண்டு மூட்டை வணிகரின் நினைவு அல்ல, ஆங்கில அச்சு வழியே பிற்காலத்தில் வந்தவை என்று கொள்வதே பொருத்தம். பழைய உறவின் நினைவு முற்றாக அழிந்துபோன இடத்தில், அதே மக்களைப் பற்றிய படிமம் மூன்றாம் நாட்டு வழியே இறக்குமதியாகியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் ஒரே மக்களுக்கு இரு நேரெதிர்ப் படிமங்களைத் தந்தது. 1939 செப்டம்பர் 1-இல் க்ரோயான்ட்டி என்னும் சிற்றூரருகே போலந்துக் குதிரைப்படை ஒன்று ஜெர்மன் காலாட்படையைத் தாக்கிச் சிதறடித்தபின் கவச வண்டிகளின் சுடுதலில் வீழ்ந்தது. மறுநாள் அங்கே அழைத்து வரப்பட்ட இத்தாலியச் செய்தியாளர்கள், குதிரைவீரர் ஈட்டியோடு பீரங்கி வண்டிகள் மீது பாய்ந்தனர் என்று எழுத, ஜெர்மன் பிரச்சாரம் அதை உலகெங்கும் பரப்பியது. வீரமும் அசட்டுத்தனமும் கலந்த அப்படிமம் இன்னும் மறையவில்லை. அடுத்த ஆண்டே பிரிட்டன் வான்போரில் 145 போலந்து விமானிகள் பங்கேற்க, பெண்களின் கைகளுக்கு முத்தமிடும் அவர்களது பழக்கமும் துணிவும் லண்டன் நாளேடுகளில் புகழப்பட்டன. போர் முடிந்து நாடு திரும்ப இயலாத இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட போலந்து வீரர்களுக்காக 1947-இல் மீள்குடியேற்றச் சட்டம் இயற்றப்பட்டபோது, வேலையும் வீடும் பறிபோகும் என்று எதிர்த்தவர்களில் தொழிற்சங்கங்களும் இருந்தன. நாயகர் போட்டியாளராக மாற ஏழு ஆண்டுகள் போதுமானதாக இருந்தது.

1989-க்குப் பின் எல்லைகள் திறந்தபோது ஜெர்மனியில் போலந்தியர் கார்த் திருடராகப் பகடி செய்யப்பட்டனர். இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அதை நாள்தோறும் வளர்த்தன. எதிர்த்திசையில், 1994 முதல் போலந்தில் வாழ்ந்த ஜெர்மானியர் ஸ்டெஃபென் மொல்லர், வார்சா மேடைகளில் போலிஷ் மொழியிலேயே தம் நாட்டாரையும் போலந்தியரையும் ஒருங்கே நகைத்துப் பேர்பெற்றார். 2003-இல் தொடங்கிய 'ஐரோப்பாவை விரும்பலாம்' என்னும் போலந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரும் ஆங்கிலேயர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் முதலியோரும் அமர்ந்து தத்தம் நாட்டுப் படிமங்களைத் தாமே சொல்லிச் சிரித்தனர். அந்நாட்டு மொழியைக் கற்று, அங்கேயே வாழ்ந்து சொன்ன நகைச்சுவை என்பதால் அது வேறு தரத்தது. இவ்வரலாற்றின் ஒளி மிகுந்த பக்கங்களில் ஒன்று.

2004 மே 1-இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பழைய உறுப்பு நாடுகளில் பிரிட்டனும் அயர்லாந்தும் ஸ்வீடனும் மட்டுமே வேலைச் சந்தையை உடனே திறந்தன. புதிய உறுப்பு நாடுகளிலிருந்து ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் கூடுதலாக வரலாம் என்பது பிரிட்டிஷ் அரசுக்குத் தரப்பட்ட மதிப்பீடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலந்தில் பிறந்தோர் ஏறத்தாழ 5,79,000 பேர் இருந்தனர், ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேரின் முதன்மை மொழி போலிஷ் ஆகியிருந்தது. இதற்கிடையே 2005-இல், ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தின் மீது பிரான்சில் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது, வலதுசாரித் தலைவர் பிலிப் தெ வில்லியே, போலந்து பிளம்பர் தம் நாட்டுக் கூலிக்கே பிரான்சில் வேலை செய்ய வந்துவிடுவார் என்று எச்சரித்தார். பிளம்பர் கிடைக்காமல் வாரக்கணக்கில் காத்திருந்த பிரெஞ்சு இல்லங்களுக்கு அது அச்சமா நல்வரவா என்பது வேறு செய்தி. அச்சொல் கண்டம் முழுவதும் பரவியது. போலந்துச் சுற்றுலா அலுவலகம், குழாய்க் கருவியோடு நிற்கும் அழகிய இளைஞர் ஒருவரின் சுவரொட்டியை வெளியிட்டு, தாம் போலந்திலேயே இருக்கப்போவதாகவும் பிரெஞ்சுக்காரர் திரளாக அங்கே வரலாம் என்றும் அவர் வாயால் சொல்லவைத்தது. வசைக்கு விருந்தழைப்பால் விடை சொன்ன அச்சுவரொட்டி, 1648-இல் ஒபாலின்ஸ்கி எழுதிய லத்தீன் நூலைவிட விரைவாக வேலை செய்தது.

இங்கே படிமம் தலைகீழாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். இனப் பலகையில் உழைப்பு ஆங்கிலேயருக்கும் சச்சரவு போலந்தியருக்கும் எழுதப்பட்டிருந்தது. 21-ஆம் நூற்றாண்டின் லண்டன் பேச்சில் அளவுக்கு மீறி உழைப்பவர் போலந்தியர். அமெரிக்கத் துணுக்குகளின் மந்தபுத்திப் போலந்தியர் பிரிட்டனில் ஏனோ வேரூன்றவில்லை. அந்த இடம் அங்கே அயர்லாந்தியரைக் கொண்டு முன்பே நிரம்பியிருந்தது காரணமாகலாம். மலிவு விமானங்கள் திருமணத்துக்கு முந்தைய மதுக்கூத்துக்காக ஆங்கிலேய இளைஞரை வார இறுதிதோறும் க்ராகுவில் கொண்டுவந்து இறக்க, குளிர்ந்த இயல்புடைய கனவான் என்ற பழைய படிமத்தை அந்நகரத்தார் கைவிட நேர்ந்தது. ஆயின் 2016 ஜூனில் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்ததை அடுத்து, கேம்பிரிட்ஜ்ஷயரின் ஹண்டிங்டன் நகரில் போலந்தியரைப் பூச்சி புழுக்களாக இகழும் அட்டைகள் வீடுகளின் வாயிலில் போடப்பட்டன. அவற்றில் நகைச்சுவையின் சாயல்கூட இல்லை. நகைச்சுவை உலர்ந்துபோன பின் எஞ்சும் வண்டல் அது.

2009 ஜனவரியில் செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையை ஏற்றபோது, சிற்பி டேவிட் செர்னி பிரஸ்ஸல்ஸ் அலுவலகக் கட்டடத்தில் 27 நாடுகளையும் அவற்றின் படிமங்களாகவே தொங்கவிட்டார். ஸ்வீடன் ஒரு தளவாடப் பெட்டி, ருமேனியா டிராகுலா பூங்கா, போலந்து உருளைக்கிழங்கு வயலில் வானவில் கொடி நாட்டும் பாதிரிமார், பிரிட்டன் வெறும் காலியிடம். குந்து கழிப்பறையாகக் காட்டப்பட்ட பல்கேரியா கண்டிக்கவே அப்பகுதி கறுப்புத் துணியால் மூடப்பட்டது. 27 நாட்டுக் கலைஞர்கள் தத்தம் நாட்டை வடித்ததாகச் சொல்லப்பட்டதும் புனைவே. செர்னியும் அவரது நண்பர் சிலருமே எல்லாவற்றையும் செய்திருந்தனர். ஸ்டீரியாவின் இனப் பலகையைப் போலவே இதிலும் எல்லா மக்களையும் வரைந்தது ஒரே ஊரின் கை.

இதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 2012 ஜூனில், போலந்தும் உக்ரைனும் இணைந்து ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியை நடத்திக்கொண்டிருந்தபோது, வார்சாவின் தனியார் வானொலி ஒன்றின் தொகுப்பாளர் இருவர், போலந்து வீடுகளில் பணிபுரியும் உக்ரைனியப் பெண்களை இழிவுபடுத்தும் நகைத்துணுக்குகளை நேரலையில் சொன்னார்கள். வார்சா நகரில் வீடு துடைக்கவும் கட்டடம் கட்டவும் கிழக்கிலிருந்து குறைந்த கூலிக்கு ஆட்கள் வரத் தொடங்கி அப்போது இரு பத்தாண்டுகள் ஆகியிருந்தன. உக்ரைனிய வெளியுறவு அமைச்சகம் கண்டனம் தெரிவித்தது, போலந்து இதழ்களிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது, தொகுப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டனர், அந்நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.